சிலோன் கோயில் நிறுத்தம்

பெரும்பாறைக்கு மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பஸ் ஏறுகிறது. "அந்தோணியார் கோயில் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறேன். கண்டக்டர் விழிக்கிறார். பக்கத்து சீட்டில் மிளகு மூட்டையோடு இருக்கும் அக்கா, "சிலோன் கோயில்னு கேளுங்க சார்" என்கிறார்.

"ஏன் அப்படி ஒரு பேரு?"

"சிலோன் தேயிலைத் தோட்டத்துல எங்க சனத்த இந்தியாக்காரன்னாங்க. இங்க திரும்பி வந்தா சிலோன்காரன்னு ஏசுனாங்க. அம்மாவும் அப்பாவும் அவங்க கூட்டாளிகளும் இங்க காப்பித் தோட்ட வேலை முடிஞ்சு வர்றப்ப ஆளுக்கொரு கல்லாச் சொமந்து கட்டுன கோயிலுங்க அது."

வளைவில் கருங்கல் சுவரும் வெள்ளைச் சிலுவையும் தெரிகின்றன. விசில் ஊதிவிட்டு, "சிலோன் கோயில் எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்துகிறார்.

அக்கா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"ஏசுறதுக்கு வச்ச பேருங்க சார். இப்ப கவர்மெண்டு பஸ்ஸே அந்தப் பேரச் சொல்லித்தான் நிக்குது."