யாருமே விழாத இல்லம்

நான் ஷிஃப்டுக்குப் போனால், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஓசூரில் நான் ஏறி இறங்கிய நான்காவது முதியோர் இல்லம் அது.

"இங்க ஒருத்தருகூட விழுந்ததில்லைங்க," என்றார் மேலாளர். கம்பெனியில் சேஃப்டி வேலை பார்ப்பவன் நான். விபத்தே இல்லை என்றால் போதாதா? அப்பாவை நாளைக்கே கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டேன்.

அறைகளைச் சுற்றிப் பார்த்தபோது, கட்டிலிலிருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, பீரோ மேல என் தடி இருக்குது, எடுத்துக் குடு. பாத்ரூம் வரைக்கும் நடந்துட்டு வரேன்."

"டயப்பர் போட்டிருக்குதில்ல? படு தாத்தா! விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று மேலாளர் அதட்டினார். பீரோவின் மேல் தடிகள் கட்டாகக் கிடந்தன.

களைத்துப்போய் வீடு திரும்பினேன். "இடம் கெடச்சுதாடா?" என்று கேட்டபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்து வந்தார்.

"இன்னும் இல்லப்பா."

விழுந்துவிடுவாரோ என்று பயம்தான். ஆனாலும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. அவர் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.