பழுது ஏசியில் இல்லை

ஏசி சர்வீஸுக்காக மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரே வீட்டுக்கு இந்த மாதம் மூன்றாவது முறை இன்று போனேன். "ஏசியில நாத்தம்" என்று புகார். இரண்டு முறை ஃபில்டரைக் கழுவி மாட்டியாயிற்று.

வீட்டில் வயதான தம்பதி மட்டும். ஏசி, சவுதியில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. பெரியவருக்கு இளைப்பு. ஏசி அறையில் படுத்தால் இருமல், கூடத்தில் படுத்தால் புழுக்கம். மனிதர் ஒழுங்காகத் தூங்கிப் பல நாளாகிவிட்டது.

இன்றுதான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் பேக்கிங் டேப். சுவரில் பூஞ்சை.

"இத கடைசியா எப்பம்மா தொறந்தீங்க?"

"ஏசி மாட்டுனதுலேருந்து தொறக்கலப்பா. தொறந்தா குளுமை போயிடும்னு புள்ள சொல்லியிருக்கான்."

"ஏசி ஓடறப்ப மூடுங்க. காலையில ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் தொறந்து வைங்க. தெனமும்."

டேப்பை நானே கிழித்துத் திறந்தேன். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து சவுதியிலிருந்து மகனின் வீடியோ கால். அந்தம்மா போனை எடுக்கவில்லை. முதலில் ஜன்னலை மூட ஓடினார். மகன் பார்த்துவிடுவானாம்!

பெரியவர் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ போயி போன எடு. இது தொறந்தே கெடக்கட்டும். அவன் கேட்டா நான் பேசிக்கிறேன்."

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'செய்த வேலை: ஜன்னல் திறக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கூப்பிட்டு, "என்ன பார்ட் மாத்துன, அத எழுதுய்யா" என்கிறார்.

நீங்களே சொல்லுங்கள், என்ன எழுத?