பேச்சியம்மா டீச்சரின் கொக்கி

வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கைக்குழந்தையோடு போனவர்கள் யாராவது உண்டா? போன திங்கட்கிழமை நான் போனேன்!

மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மாமியார், உறவில் விசேஷம் என்று உல்லாஸ்நகர் கிளம்பிவிட்டார். கணவர் அணுசக்தி நகர் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து போன் செய்தார். "இன்னொரு நாள் வரேன்னு மெசேஜ் போட்டுடேன்."

போட்டால் வேலை காத்திருக்குமா? போகாவிட்டால் புலம்புவேன், போனால் மானம் போகும்... யோசித்தபடியே செம்பூரில் தாராவி பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளியின் பெயர் பேச்சியம்மாள் வித்யாலயா. யாரோ நன்கொடை கொடுத்த பணக்காரப் பெண்மணி என்றுதான் நினைத்திருந்தேன்.

தலைமை ஆசிரியை முதல் கேள்வியைக் கேட்டதுமே மகள் வீறிட்டாள். "ஸாரி மேடம், இன்னிக்கு மட்டும்தான்..." வியர்த்துப்போய் எழுந்தேன்.

"உக்காருங்கம்மா. பிள்ளன்னா அழத்தான செய்யும்?" என்றவர் ஆயாவைக் கூப்பிட்டார். "லெட்சுமி, சேலையக் கொண்டா!"

தலைக்கு மேலே ஒரு இரும்புக் கொக்கி. கண்மூடித் திறப்பதற்குள் தொட்டில் தயார்!

"எல்லா கிளாஸ்லயும் கெடக்கு. பேச்சியம்மா டீச்சர் போட்டது" என்றார் தலைமை ஆசிரியை.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவராம் அந்த டீச்சர். வாடகை அறை ஒன்றில் பாடம் சொல்லத் தொடங்கினார். அங்கே படிக்க வந்தவர்களின் வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும், அதைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணின் படிப்பு நின்றுவிடும் – அம்மா வேலைக்குப் போக வேண்டுமே! டீச்சர் வீடு வீடாகப் போய் வாதாடினார். பலிக்கவில்லை. "அப்ப தம்பியையும் தூக்கிட்டு வாட்டி" என்று வகுப்பிலேயே தொட்டில் கட்டிவிட்டார்.

"இது பள்ளிக்கூடமா, பிள்ள வளக்குற எடமா?" என்று கேலி செய்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "ரெண்டுந்தான்! இப்பமே பழகிட்டான்னா, அவன் அட்மிஷனுக்கு நான் அலைய வேண்டாம்லா?"

"தம்பிய ஆட்டிக்கிட்டே வாய்ப்பாடு படிச்சவதான் நானும்" என்று சிரித்தார் தலைமை ஆசிரியை.

டீச்சர் மறைந்த பிறகுதான் பள்ளிக்கு அவர் பெயர். கட்டடத்தைப் புதுப்பித்தபோது கான்டிராக்டர் கொக்கிகளை அறுக்கப் பார்த்தாராம். பழைய மாணவிகள் திரண்டு வந்துவிட்டார்கள். "போர்டுல பேர வேணா எடுங்க. கொக்கியில கைய வச்சியளோ..."

எத்தனையோ பள்ளிகளின் வாசலில் பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய பழக்கம் எத்தனை வகுப்பறைகளுக்குள் இருக்கிறது?

எனக்கோ சந்தேகம் தீரவில்லை. "தினமும் அழுதா என்ன பண்றது மேடம்?"

"அவ பழகிடுவா. நீங்க பழகுவியளான்னுதான் பாக்கணும். மூணாங் கிளாஸ்ல போய்ப் பின்னம் நடத்துங்க, பாப்போம்."

மகள் அந்த வகுப்புத் தொட்டிலுக்கு மாறினாள். போர்டில் ஒரு வடாபாவ் வரைந்து, அதைப் பாதியாக, காலாகப் பங்கு போட்டு நடத்தினேன். முழுசும் தனக்கே வேண்டும் என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்!

வேலை கிடைத்துவிட்டது. ஜூனில் சேர்கிறேன். நன்றாக நடத்தினேனா என்று யாரையும் கேட்கவில்லை.

வகுப்பில் தூங்கியது என் மகள் மட்டும்தான்!