பத்து இடங்களும் அம்மாவின் குரலும்

எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. ராஜபாளையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற பகுதி அது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். என் அம்மா கல்யாணமாகி வந்த மறுமாதமே தறிக்கூடத்துக்குள் நுழைந்தவள். இருபது தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வெளியே வந்தால், காது தெளிவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வருஷம் போகப் போக அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் காது முழுசாகத் தெளியவே இல்லை. அதனால் அம்மா அடுப்படியில் நின்று "உப்ப எடு" என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும். தெருமுனையில் இருப்பவளும் தறிக்காரிதான். அவளுக்கு அது சாதாரணப் பேச்சு.

கூடத்துக்குள் இதற்கு நேர்மாறு. அங்கே யாரும் கத்த மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. உதட்டை மட்டும் அசைப்பார்கள், மீதியைக் கை சொல்லும். கட்டைவிரலை வாய்ப்பக்கம் கவிழ்த்தால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இரண்டு விரல்களை ஒட்டவைத்து வெடுக்கென்று பிரித்தால், என் தறியில் இழை அறுந்துவிட்டது, கொஞ்சம் வந்து பார் என்று அர்த்தம். பதிலுக்கு எதிர்த்தறிக்காரி ஆள்காட்டி விரலைச் சுழற்றி முடிச்சுப் போடுவதுபோலக் காட்டுவாள்: வாரேன். எனக்கு எழுத்து வருவதற்கு முன்னால் இதெல்லாம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வரை போனவன் நான். இப்போது எர்ணாகுளத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது அம்மாவைக் கொச்சி சுற்றிப் பார்க்க வரச் சொன்னேன். அப்பா ஆலங்குளம் ஆலையிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுபவர். லோடு இருக்கிறது, நீ போய் வா என்று சொல்லிவிட்டார். கடல் என்றால் அம்மாவுக்குத் திருச்செந்தூர்தான். முங்கிக் குளித்து, ஈரச் சேலையோடு வரிசையில் நின்று, சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிற கடல். கோவிலுக்கோ, கல்யாணத்துக்கோ, இழவுக்கோ போகாமல், சும்மா பார்ப்பதற்காக அவள் ஊரைத் தாண்டியது அந்த ஒரு தடவைதான்.

செல்போனில் 'கொச்சியில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று தேடி எடுத்து, நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தேன். பரீட்சைக்கு அட்டவணை போட்டுப் படித்தே பழகியவன், வேறு எப்படிச் செய்வேன்? சீன வலைக்கு இருபத்தைந்து நிமிஷம், பழைய தேவாலயத்துக்கு இருபது, அரண்மனைக்கு ஒரு மணி நேரம். பத்தில் ஒன்று குறைந்தாலும் அம்மாவுக்குக் கொச்சியைக் காட்டியதாக ஆகாது என்று நினைத்தேன்.

அம்மா ரயிலை விட்டு இறங்கும்போது கையில் இருந்தது அவளுடைய பை இல்லை. பக்கத்துத் தறி அத்தையுடையது. அந்த அத்தை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மா அவளை மதினி என்பாள், அவள் அதையே தெலுங்கில் வதின என்பாள். மருமகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் அத்தையால் வரமுடியவில்லை. பையைக் கொடுத்து ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறாள்.

"ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணுமாம். போன்ல படம் காட்டுதேன்னு வந்தா பையப் பிடுங்கிக்கிருவாளாம்" என்று அம்மா பிளாட்பாரத்திலேயே அறிவித்தாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். பைக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருந்தது. அதற்காகவே முந்தின நாள் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பஸ்ஸில் பாலம் பாலமாகக் கடந்து கோட்டைக் கொச்சிக்குப் போனோம். முதலில் சீன வலை. கரையோரம் நட்டிருக்கிற பெரிய மரச்சட்டங்களில் வலையைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். மறுமுனையில் கயிறு கயிறாகக் கல் தொங்குகிறது. நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கல் இறங்க, வலை மேலே வருகிறது. அம்மா கல்லைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே, நம்ம தறிதாம்ல இது! பாவு நூலு தொய்யாம இருக்க நாம கல்லத் தொங்க விடுவம்லா, அதே கணக்குத்தான்!"

கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் சிரித்து, மலையாளத்தில் ஏதோ சொல்லி அம்மாவையும் வந்து இழுக்கக் கூப்பிட்டார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். வலை மேலே வந்தது. உள்ளே ஒரு கைகூட நிறையாத மீன்தான் துள்ளியது.

"இம்புட்டுப் பெரிய வலைக்கு இம்புட்டூண்டு மீனாய்யா? இதுக்கு நாலு பேரு சம்பளமா?"

பெரியவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் தாண்டி இருந்தது.

அடுத்து பழைய தேவாலயம். ஐரோப்பாவிலிருந்து கடல் வழியாக வந்த மாலுமியை முதலில் புதைத்த இடம். அவருடையது பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த பெயர். கம்பி வேலிக்குள் இருந்த கல்லைக் காட்டி, எழுதியிருப்பதை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

"யாருலே அவரு?"

"இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடிச்சவரும்மா."

"நாம இங்கனதான இருந்தோம்? யாரு தொலைஞ்சு போனா, இவரு கண்டுபிடிக்கதுக்கு?"

உயரமான கூரை அந்தக் கேள்வியை வாங்கி எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தது. தமிழ் தெரிந்த ஒரு குடும்பம் பின்பெஞ்சிலிருந்து சிரித்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் காது இரண்டும் சுட்டது. யாராவது என் அலுவலகத்து ஆள் இருந்துவிடப் போகிறானே என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன்.

அந்தச் சூட்டோடுதான் அரண்மனைக்குப் போனோம். வாசலிலேயே அமைதி காக்கவும் என்று போர்டு. அதையும் வாசித்துக் காட்டினேன். அம்மா தலையாட்டினாள். ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணத்தை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். மங்கலான வெளிச்சம், வெளிநாட்டுக்காரர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் விளக்கப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா பலகை இல்லாமலே கதையைப் பிடித்துவிட்டாள்.

"ஏலே! இங்க பாரு, தசரதன் யாகம்! பொண்டாட்டிமாரு மூணு பேரும் பாயாசம் குடிக்காக பாரு! நடுவுல இருக்கவதான் கைகேயியா இருக்கும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!"

அறை முழுக்கத் திரும்பியது. காவலாளி உதட்டில் விரலை வைத்தார். அவர் கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டது நான்தான்.

"மெதுவாப் பேசும்மா. மானத்த வாங்காத. இது என்ன தறிக்கூடமா?"

அம்மாவின் குரலைவிட என் குரல்தான் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. அம்மா சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானை நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முதலில் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அட்டவணை சரியாக ஓடியது. யூதர் தெருவில் நடந்தோம். ஏலக்காயும் மிளகும் மணக்கிற கடையில், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கடைக்காரர் தமிழிலேயே கேட்டார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரியின் மூன்று தலைமுறையையும் விசாரித்துக்கொண்டு வந்தவள், அதற்குப் பதில் சொல்லாமல், நீ சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்தாள். அங்கேதான் எனக்கு உறைத்தது.

யூதர்களின் ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். தரையெல்லாம் நீலப்பூப் போட்ட ஓடுகள். ஒன்றைப்போல ஒன்று இருக்காது என்று நான் சொன்னேன். அம்மா குனிந்து நாலைந்து ஓடுகளை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சுற்றிலும் அமைதி. எவ்வளவு சத்தம் சரியான சத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவளுக்கு எப்படித் தெரியும்? வெறும் காற்று மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா சொல்ல வந்த?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

"கால் வலிக்கா? செத்த நேரம் உக்காருவமா?"

அதற்கும் தலையாட்டல்தான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நோட்டில் டிக் போட்டுக்கொண்டே போனேன். போடும்போதே கணக்கு உதைத்தது. நாளைக் காலை ரயில். ஊருக்குப் போனதும் அத்தை கேட்பாள். அம்மா என்னத்தைச் சொல்வாள்? வலை பார்த்தேன், சமாதி பார்த்தேன், பிறகு என் மகன் என் வாயை அடைத்துவிட்டான் என்றா? அவள் வாழ்நாளில் சும்மா பார்க்க வந்த ஒரே ஊரை நானே பாதியில் பூட்டிவிட்டேன்.

பத்தாவது, படகு. சத்தமே இல்லாமல் ஏசியோடு போகிற புது மின்சாரப் படகில் திரும்புவதாகத்தான் எழுதியிருந்தேன். வரிசை வாசலைத் தாண்டி வளைந்து நின்றது. இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று பழைய டீசல் படகுக்கு அழைத்துப் போனேன். இடம் கிடைத்தது என்ஜினுக்குப் பக்கத்தில். மற்ற எல்லோரும் அந்த இடத்தைத் தவிர்த்திருந்தார்கள்.

என்ஜின் பிடித்தது. பலகை அதிர்ந்தது, பெஞ்சு அதிர்ந்தது, பல்லும் அதிர்ந்தது. எதிரே இருந்த இளம் தம்பதி ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். படகில் அத்தனை பேரும் ஊமையானார்கள். அம்மா மட்டும் முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். தறி ஓட ஆரம்பித்ததும் செய்கிற அதே செருகல்.

பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"அந்தப் பூ ஓட்டுல செருப்பில்லாம நடந்தா குளுருமேன்னு நெனச்சேன். குளுரல."

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மன்னிப்புக்குத் தறிக்கூடத்தில் சைகை கிடையாது. வேலை நேரத்தில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களை ஒட்டி வெடுக்கென்று பிரித்துக் காட்டினேன். இழை அறுந்துவிட்டது.

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைச் சுழற்றி முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு என் தலையில் லேசாக ஒரு தட்டு.

அக்கரை சேரும்வரை உதட்டாலும் கையாலும் பேசினாள். கைகேயி மூஞ்சியைப் பற்றி, மிளகுக் கடைக்காரரின் மீசை நம் முதலாளி மீசையைவிட எம்புட்டுப் பெரிது என்பதைப் பற்றி. கட்டைவிரலைக் கவிழ்த்து, இறங்கினதும் டீ வேண்டும் என்றாள். எதிரே இருந்த தம்பதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜின் நின்றபோது அம்மாவின் குரல் பழையபடி வந்தது.

"நல்ல போட்டுலே இது! வாய்விட்டுப் பேச முடியுது!"

படகுத்துறையே திரும்பியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனேன். நேரே தறிக்கூடத்துக்குத்தான் நடந்தேன். வாசலில் நின்றபோது யாரும் என்னைக் கவனிக்கவில்லை. இருபது தறியும் அடித்துக்கொண்டிருந்தன. அம்மா இரண்டு தறிக்கு நடுவே நின்று கொச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையாவது முறையோ. இரண்டு கையையும் விரித்துக் கீழே இறக்கி மேலே தூக்கினாள்: வலை. கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடினாள்: மாலுமி. மூன்று விரல்களைக் காட்டிக் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தாள்: பாயாசம். குனிந்து தரையில் விரலால் பூப்போட்டாள். எதிர்த்தறிக்காரி, பக்கத்துத் தறிக்காரி எல்லாரும் இங்குமங்கும் ஓடுகிற நாடாவிலிருந்து கண்ணெடுத்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இல்லாத சட்டைக் காலரை இழுத்துவிட்டு, புருவத்தை நெரித்து, உதட்டில் விரலை வைத்து என்னைப்போலவே முறைத்தாள். அத்தனை பேரும் சத்தமே கேட்காமல் குலுங்கிச் சிரித்தார்கள்.

அப்போது கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அத்தை என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க தொரை! எங்க வதினயவா வாய மூடச் சொன்னீக? வாங்க, இங்கன வந்து சொல்லுங்க பாப்போம்!"

"விடு மதினி" என்றாள் அம்மா. "பிள்ள ஒவ்வொரு போர்டா வாசிச்சுக் காட்டுனான். ஒரு போர்டு விடல. அவனுக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு."

தறி நின்ற கூடத்தில் அவள் குரல் தெருவைத் தாண்டியிருக்கும். எதிர்வீட்டிலிருந்து யாரோ, "எந்த ஊரு போர்டுக்கா?" என்று கேட்டார்கள். அம்மா வாசல் வரை வந்து என்னைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, முதல் இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டேன். கரண்ட் இப்போதைக்கு வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.