அதுவந்து

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவனுக்கு 'அதுவந்து' என்றே பெயர். எதைக் கேட்டாலும் "அதுவந்து..." என்று ஆரம்பித்து, அப்படியே நிற்பான். போனில் பேசுகிறவர்கள் லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் வாத்தியார் நாலு பெயர் தாண்டியிருப்பார்.

அக்காவுக்கு இதெல்லாம் குறையாகவே பட்டதில்லை. "என் தம்பி வாயத் திறந்தா கல்வெட்டு" என்பாள், சலவைக்கடையில் தன்னோடு இஸ்திரி போடுகிறவர்களிடம்.

"வெட்டி முடிக்கறதுக்குள்ள கல்லே தேஞ்சிடும்" என்பார்கள் அவர்கள்.

போன மாதம் அவன் சர்வீஸ் செய்துவிட்டு வந்த லிஃப்ட் மறுநாளே ஒரு மாடி உயரம் சறுக்கி, உள்ளே இருந்த பெரியவருக்குக் கால் முறிந்தது. பிரேக்கைப் பார்க்காமலே வந்துவிட்டான் என்று கம்பெனி விசாரணை வைத்தது. தப்பு அவன்மேல் என்றானால் வேலை போய்விடும்.

அக்கா தினமும் சாயங்காலம் அவனை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். 'அதுவந்து' தலைகாட்டும்போதெல்லாம் முழங்காலில் ஒன்று வைத்தாள். கடைசியில் அவன் தட்டுத்தடங்கலில்லாமல் ஒப்பித்தான்.

விசாரணைக்கு உறவினர் ஒருவர் உடன் வரலாம். வாய் திறக்கக் கூடாது. அக்கா சுவரோரமாக உட்கார்ந்தாள். பிரேக்கைப் பார்த்தீர்களா என்று மேனேஜர் கேட்டதும் தம்பி மடமடவென்று சொன்னான்: "பாத்தேன் சார். லைனிங் தேயல. ஸ்பிரிங் சரியா இருந்துச்சு. லிஃப்ட்டக் கையால இறக்கியும் பாத்தேன்."

மேனேஜர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

"சரி, நீங்க பிரேக்கப் பாத்ததைப் பாத்தவங்க யாராவது உண்டா?"

இதை அக்கா கேட்டுப் பழக்கியிருக்கவில்லை.

"அதுவந்து..."

அவன் கண் கூரைக்குப் போயிற்று. அவன் பொய் தேடவில்லை, அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறான், இன்னும் மெஷின் அறைக் கதவைத் திறக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

"உண்மையச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார் அதிகாரி.

"சார், அவன்..." என்று அக்கா எழுந்தாள். மேனேஜர் கையமர்த்தினார். பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள்.

இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள். அங்கே தம்பி நின்றான். "வாட்ச்மேன் இருந்தாருக்கா. டார்ச் அடிச்சது அவர்தான்."

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மேனேஜர் வாசலில் வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உள்ள வராத ஆளு வெளிய வந்ததும் வந்துட்டாரா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "போங்கம்மா. அக்காவும் தம்பியும் நல்லாத்தான் யோசிக்கிறீங்க."

வண்டி கிளம்பியது. அக்கா இன்னும் தம்பியின் கையை விடவில்லை.