பின் இருக்கை கழற்றிய பிக்கப்

வாகனப் பரிசோதகர் கால்சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, மரக்கறியண்ணையின் பிக்கப்பை அளந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் ஆட்கள் இருக்கும் பகுதி, பிறகு சாமான் ஏற்றும் பகுதி. தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு டொச் மொழி கொஞ்சம் ஓடும் என்பதால் ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்தின் கடதாசியெல்லாம் என் தலையில்தான் விழும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல.

அண்ணைக்குப் பின்னேரத்தில் தொழிற்சாலை வேலை. வாரத்தில் இரண்டு நாள் விடியமுன் எழும்பி, ஒல்லாந்துச் சந்தைக்குப் போய் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றிவந்து தமிழ் வீடுகளுக்குக் கொடுப்பார். நேரான றோட்டைக் கண்டால் மனுசனுக்குக் கண் செருகிவிடும். அதனால் அவருடைய மனைவியும் கூடப் போவா. வழிநெடுக அவரோடு கொழுவுவதுதான் அக்காவின் வேலை. மாமியாரில் தொடங்கி மச்சாள்மாரில் முடியும். அண்ணை கோபத்தில் முழித்திருப்பார். பிள்ளைகள் இரண்டும் பின் இருக்கையில் போர்வைக்குள் நித்திரை. "உன்ர அக்காவின்ர வாய் இல்லாட்டி நான் எப்பவோ மேல போயிருப்பன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த நேரம் பார்த்துப் புகைக்கு வரி என்று சட்டம் வந்தது. காராகப் பதிந்தால் எஞ்சின் கக்கும் புகையைப் பார்த்து வரி. சாமான் வாகனமாகப் பதிந்தால் எடையை மட்டும் பார்ப்பார்கள். எஞ்சின் அதேதான், புகையும் அதேதான். பின்னால் இருக்கை இருந்தால் ஆட்களின் பகுதி பெரிது, அப்போது கார்; இல்லாவிட்டால் லொறி. அந்தப் பழைய டீசல் பிக்கப் காராகவே நின்றால் அண்ணை வியாபாரத்தை விடவேண்டியதுதான். பரிசோதகர் சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டு நான் வாயை மூடியிருக்கலாம். "அண்ணை, பின் சீற்றைக் கழட்டிவிடுங்கோ, அலுவல் முடிஞ்சுது" என்று புத்தியும் சொன்னேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வந்து, "சரி தங்கச்சி, கழட்டுவம்" என்றார்.

இருக்கையைத் திரும்பப் பூட்ட ஏலாதபடி ஆணித்துளைகளையும் ஒட்டி அடைத்தார்கள். படிவத்தை நான்தான் நிரப்பினேன். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அக்கா வீட்டோடு நின்றுவிட்டா. எனக்கு அது உறைக்கவேயில்லை. வண்டி எந்த வகுப்பில் விழுகிறது என்பதிலேயே என் மூளை முழுக்க இருந்தது. அண்ணை பாட்டுக் கசெற் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தனியப் போய்வரத் தொடங்கினார்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, மழையுமில்லாமல் பனியுமில்லாமல், நேரான றோட்டில் வண்டி விலகிப்போய் மரத்தில் மோதியது. அண்ணை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். பொலிஸ் அனுப்பிய கடிதமும் என்னிடம்தான் வந்தது. பிரேக் பிடித்த அடையாளம் இல்லை என்ற வரியை அக்காவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். அதன் பிறகு நான் ஒருவருக்கும் படிவம் நிரப்பவில்லை. அக்காவைக் கடையில் தூரத்தில் கண்டாலும் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

இருபது வருடத்துக்கு மேல் இப்படியே இழுத்துக்கொண்டு திரிந்துவிட்டு, போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். மூத்தவளின் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறா. தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் அழுகை வந்துவிட்டது. அந்த இருக்கையைக் கழட்டச் சொல்லியிருக்கக்கூடாது அக்கா என்றேன்.

"அவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர், பிள்ளை. நீ வராட்டி நான் நித்திரை கொண்டிடுவன் எண்டவர். நான்தான் கழட்டுங்கோ எண்டனான். அந்தக் குளிருக்கை எழும்பி, பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு போய்ப்போய் எனக்கு அலுத்துப்போச்சுது. விடியுமட்டும் ஒருக்காப் படுப்பம் எண்டு ஆசை."

கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தா.

"படுத்தனான்தான். அண்டைக்கும் நல்ல நித்திரை. பொலிஸ் வந்து பெல் அடிச்சுத்தான் எழும்பினனான்."