சனிக்கிழமை எலிகள்

காலை ஆறு பத்து. குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு முதுகு. அகலமான, பளபளக்கும் முதுகு. அதன் சொந்தக்காரர் பலகையில் குப்புறக் கிடந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் தோளைப் பரோட்டா மாவு மாதிரி பிசைந்துகொண்டிருந்தார். சாரலோடு நல்லெண்ணெய் வாசம் வந்தது. அந்த வாசத்தில் உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்கு எலிகள் ஞாபகம் வரும்.

ஸ்காட்லாந்தில் மருத்துவ ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அறைத்தோழன் காஜா, கடையநல்லூர்க்காரன். இருவருக்கும் ஒரே ஆய்வகம். தென்காசியில் இருந்தவரை கடையநல்லூர் எனக்கு பஸ் நிற்கும் ஒரு ஊர், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து போனபின் பக்கத்து வீடாகிவிட்டது. நாங்கள் இருந்தது தூறல் ஓயாத நகரம். காஜா ஜன்னலைப் பார்த்துச் சொல்வான்: "வருசம் முழுக்க சாரல் அடிக்குது. அருவியத்தான் காணோம்."

அவன் ஆராய்ச்சி பயத்தைப் பற்றியது. ஒரு பெட்டி, பாதி இருட்டு, பாதி வெளிச்சம். பயந்த எலி இருட்டிலேயே இருக்கும், பயம் தெளிந்தது வெளிச்சத்துக்கு வரும். அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளப்பான். பயத்தைக் குறைக்கும் என்று நம்பிய மருந்தைச் சில எலிகளுக்குப் போடுவான், மற்றவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். சனிக்கிழமை மட்டும் அவனுக்குப் பதில் நான் அளப்பேன். பதிலுக்கு அவன் மீன்குழம்பு வைப்பான். லாபம் எனக்குத்தான்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். கடல் கடந்தும் நான் விடவில்லை. அம்மா கொடுத்துவிட்ட நல்லெண்ணெய் பத்திரமாக வந்து சேர்ந்தது. சீயக்காய்த்தூளைத்தான் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி நெடுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஷாம்பூவுக்கு எண்ணெய் பாதிதான் போகும். மீதியோடு ஆய்வகம் போவேன். காஜாவுக்கு வெள்ளிக்கிழமை முக்கியம். ரியாத்திலிருந்து வாப்பா அனுப்பிய அத்தரைக் காலையிலேயே பூசிக்கொள்வான். ஆய்வகத்திலிருந்து அப்படியே ஜும்ஆ தொழுகைக்குப் போக வசதி.

ஒரு வருஷ அளவுகளை வரைபடமாகப் போட்டபோது வெள்ளிக்கிழமைதோறும் பள்ளம், சனிக்கிழமைதோறும் மேடு. வெள்ளியன்று மருந்து போட்ட எலிகூட வரவில்லை. சனியன்று உப்புத் தண்ணீர் எலிகளும் ஓடி வந்திருந்தன. எங்கள் பேராசிரியை அறைக்கதவைச் சாத்திவிட்டு, இதையெல்லாம் உண்மையிலேயே அளந்தாயா என்று காஜாவைக் கேட்டார். அவன் உதவித்தொகையை நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் வாங்காமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. "நான் சும்மா உக்காந்து நம்பர் எழுதுதேன்னு நெனைக்கா அந்தம்மா. வாப்பாட்ட போயி என்னத்தலே சொல்ல?"

அடுத்த சனிக்கிழமை அவனும் கூட வந்தான். நான் கூண்டை எடுக்கக் குனிந்தேன். எலிகள் எல்லாம் எழுந்து கம்பியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஏலே, தலையத் தூக்கு."

தூக்கினேன். எலிகள் இறங்கின.

"குனி."

குனிந்தேன். ஏறின.

காஜா என் தலையைப் பார்த்தான். "மருந்துக்கு வரலலே. ஒன் தலைக்கு வருது."

திங்கட்கிழமை, கிழமை மாறி எண்ணெய் வைத்துக்கொண்டு, துறையே சுற்றி நிற்க, பெட்டியின் வெளிச்சப் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்தேன். என் ஆராய்ச்சி வாழ்வில் இவ்வளவு பேர் கூடியது அன்றைக்குத்தான். எலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காஜா அத்தர் பூசிய கையை நீட்டினான். அத்தனையும் உள்ளே போய்விட்டன. பேராசிரியை என் தலையருகே குனிந்து முகர்ந்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். தோசைக்கு ஊற்றுவதும் இதைத்தான் என்றேன். ஓரடி பின்னால் போனார். பிறகு காஜாவிடம் மன்னிப்புக் கேட்டார். கையெழுத்தும் போட்டார்.

காஜா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். அத்தர் இல்லை, எண்ணெய் இல்லை, என்னையும் உள்ளே விடவில்லை. மருந்து போட்ட எலியும் போடாத எலியும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் பட்டம் வாங்கினான்.

போன வருஷம் ஒரு மாநாட்டுக்காக ஸ்காட்லாந்து போன காஜா பழைய ஆய்வகத்தை எட்டிப் பார்த்திருக்கிறான். அந்தத் துறையில் இப்போது எலிகளே இல்லை. கூண்டுகள் இருந்த கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.